முதலில் இடமாற்றம்

சிறையில் அடிபட்டவருக்காக ரிட் மனு எழுதும் ஜூனியர்கள் வரைவைக் கொண்டுவந்தால், நான் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவேன். கேட்கும் பரிகாரங்கள் அங்கேதான் இருக்கும். பெரும்பாலும் நஷ்டஈடு முதலில், அதிகாரிகள் மீது நடவடிக்கை அடுத்து, வேறு சிறைக்கு மாற்றும் கோரிக்கை எங்கோ அடியில். அந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்வேன்.

நிலத் தகராறோ செக் மோசடியோ, கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். சிறையில் அடிபட்டவருக்கு அப்படியில்லை. மனுவில் யார்மீது குற்றம் சொல்கிறாரோ, அவர்கள் பூட்டும் அறையில்தான் அன்றிரவும் படுக்க வேண்டும். சோறு, மருந்து, தாயைப் பார்க்கும் நேர்காணல் எல்லாம் அவர்கள் கையில். "வழக்கப் போட்டுட்டு நீங்க கோர்ட்டுக்குப் போயிருவீங்க. எம்பையன் ராத்திரிக்கு அங்கியேதானுங்க படுக்கோணும்" என்று கொங்குப் பக்கத்துத் தாய்மார்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த வேலையை நான் கற்றேன். சட்டப் புத்தகம் இதைச் சொல்லித் தராது.

2024இல் தமிழ்நாட்டை உலுக்கிய வேலூர் வழக்கில் உயர் நீதிமன்றம் போனதும் ஒரு தாய்தான். ஆயுள் கைதியான தன் மகனைச் சிறைத்துறை டி.ஐ.ஜி. வீட்டில் வேலைக்கு வைத்தார்கள், பணம் திருடியதாகச் சொல்லி அடித்துத் தனிக்கொட்டடியில் அடைத்தார்கள் என்பது அவர் புகார். வேலூர் தலைமைக் குற்றவியல் நடுவரை நேரில் விசாரிக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். பிறகு 14 பேர் மீது சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதிந்தது. மகன் சேலம் மத்திய சிறைக்கு மாற்றப்பட்டார். செய்திகளில் டி.ஐ.ஜி. பெயர்தான் பெரிதாக வந்தது. என் கண் சேலம் என்ற சொல்லில் நின்றது. அடித்தவர்கள் நடமாடும் பிளாக்கில் இருப்பவர் நடுவரிடம் என்ன சொல்வார், வேறு ஊர்ச் சிறையில் இருப்பவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

மனு பிறக்கும் இடம் நேர்காணல் அறை. 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டத்தின் 40ஆவது பிரிவு, விசாரணைக் கைதி தன் வழக்கறிஞரை இயன்றவரை வேறு ஆள் இல்லாமல் சந்திக்க இடம் தருகிறது. வார்டர் பக்கத்தில் நின்றால் அந்தப் பிரிவைச் சொல்லி அவரை மரியாதையாகத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். யார் அடித்தது என்று எடுத்தவுடன் கேட்கவே கூடாது. அந்தக் கேள்விக்கு வாய் அடைத்துப் போகும். நேற்று எந்த பிளாக்கில் படுத்தீர்கள், பக்கத்தில் யார், சாப்பாடு யார் கொண்டுவந்தது என்று கேட்கலாம். கைதியின் கையில் கடிகாரம் இருக்காது. காலைக் கணக்கெடுப்புக்கு முன்பா, சாயங்கால லாக்கப்புக்குப் பிறகா என்று கேட்டால் நேரம் தானாக வந்து விழும். பேர் கடைசியில் வரும், சில சமயம் அடுத்த நேர்காணலில்தான் வரும்.

ஒரு தாளில் மனித உருவத்தை முன்னும் பின்னுமாக வரைந்துகொண்டு காயங்களைக் குறிப்பேன். உருண்டைத் தடி பட்ட இடத்தில் நடுவே வெளிறி, இரண்டு பக்கமும் இணைகோடாகச் சிவந்திருக்கும். வழுக்கி விழுந்தால் அந்தக் கோடு வராது. நாளாக ஆக நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, மறைந்துபோகும். அதனால் நேர்காணல் முடிந்த கையோடு அரசு மருத்துவமனைப் பரிசோதனைக்கு மனுப் போட வேண்டும்.

பிறகு இரண்டு காகிதங்கள். கைதி உள்ளே வந்ததும் மருத்துவ அதிகாரி பரிசோதித்து, உடம்பில் உள்ள காயங்களையும் தழும்புகளையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 24ஆவது பிரிவு. அந்தப் பக்கத்தின் நகல் ஒன்று, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலான ஏ.ஆர். காப்பி இன்னொன்று. முதலாவதில் இல்லாத காயம் இரண்டாவதில் இருந்தால், அது சிறைச் சுவருக்குள் ஏற்பட்டது. அது எப்படி வந்தது என்று இனி அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நெஞ்சை உருக்கும் பத்திகளைவிட இந்த இரண்டு தாள்களை நான் நம்புகிறேன்.

1979இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சுனில் பத்ரா வழக்கிலும் இந்தப் பதில்தான் சிறைத்துறையிடம் இல்லை. திகார் சிறையில் தூக்குத் தண்டனை பெற்றிருந்த பத்ரா, சக கைதி ஒருவரை வார்டர் வதைத்ததை நீதிபதிக்குக் கடிதமாக எழுதினார். கடிதமே மனுவானது. நீதிமன்றம் வழக்கறிஞர்களைச் சிறைக்குள் அனுப்பிப் பார்க்கச் சொன்னது. காயம் எப்படி வந்தது என்பதற்கு, விழுந்தார், தானே செய்துகொண்டார், மூலநோய் என்று விளக்கங்கள் மாறிக்கொண்டே போயின. தீர்ப்பெழுதிய கிருஷ்ணய்யர் நமக்குப் பக்கத்துப் பாலக்காட்டுக்காரர். 1948இல் தானும் சிறையிலிருந்தவர். இன்றும் நான் மேற்கோள் காட்டும் முதல் தீர்ப்பு அதுதான்.

கோவை மத்திய சிறையிலும் 2024 மே மாதம் யூடியூபர் சவுக்கு சங்கர் தாக்கப்பட்டார், கை முறிந்தது என்று அவருடைய வழக்கறிஞர் புகார் சொன்னார், சிறைத்துறை மறுத்தது. சில நாட்களில் நாடே அதைப் பேசியது. அவரை அறிந்தவர்கள் வெளியே ஏராளம். கஞ்சா வழக்கில் உள்ளே போன ஒரு லோடுமேனுக்கு அடுத்த வாரம் வரைகூட யாரும் வர மாட்டார்கள், அதற்குள் காயம் மஞ்சளாகிவிடும். இதே சிறையில் செக்கிழுத்த வ.உ.சி.யின் துன்பம் நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவரே அதை எழுதிவைத்தார். எழுதத் தெரியாதவருக்கு அந்த வேலையை வேறொருவர் உடனே செய்தாக வேண்டும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கும் ஒவ்வொரு ஜூனியரிடமும் இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நஷ்டஈடு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. காவலில் மகனை இழந்த தாய்க்கு 1993இல் நீலபதி பெஹரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அரசு பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்ற அந்த நிலை நமக்குப் பெரிய பலம். ஆனால் பணம் வர ஆண்டுகள் ஆகும். இடையில் பலர் வழக்கை வாபஸ் வாங்கச் சொல்வார்கள். அப்படியொரு கடிதம் சிறையிலிருந்து வந்தால், அதை நீதிமன்றத்தில் கொடுக்குமுன் நேரில் போய்ப் பார்க்கிறேன். கையெழுத்து அவருடையதா, யார் முன்னால் போட்டார், அந்த வாரம் அவரை எந்த அறைக்கு மாற்றினார்கள் என்று கேட்கிறேன். உண்மையாகவே வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன். அந்த உரிமையும் அவருடையதுதான். பயத்தில் எழுதியது என்று பட்டால், இடமாற்றம் கேட்டு இன்னொரு மனு அன்றைக்கே தயாராகும்.