ஒரு பகலில் விசாகப்பட்டினம்

நெய்வேலியில் குடியிருக்கிறவர்களுக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மண்ணைத் தோண்டி நிலக்கரி எடுக்கிற ஊர் எங்களுடையது. கடல் பார்க்க வேண்டுமென்றால் கடலூர் சில்வர் பீச், இல்லாவிட்டால் புதுச்சேரி. கால் நனைத்து, சுண்டல் வாங்கிச் சாப்பிட்டு, இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிடுவோம்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022-ஆம் வருஷம் ஜூன் மாதம் 'கார்டிலியா' உல்லாசக் கப்பல் முதன்முதலாக விசாகப்பட்டினம் பக்கம் புறப்பட்டபோது பேப்பரில் படம் பார்த்ததோடு சரி. 2023-ல் அது இலங்கைக்கும் போயிற்று. 2025-ல் மறுபடி விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று வந்தது. "பணக்காரங்க சமாசாரம் நமக்கெதுக்கு?" என்று நான் சொல்லிக்கொண்டே இருக்க, என் கணவர் சீட்டுப் பணம் எடுத்த கையோடு நாலு பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டார். நான், இவர், ஏழாவது படிக்கிற பையன், எழுபத்திரண்டு வயது மாமியார்.

கப்பலுக்குள் இருக்கிற ஆட்டம் பாட்டத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நடுவில் ஒரு பெரிய ஊரில் ஒரே ஒரு பகல் நிற்கிறதே, அந்தப் பகலை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் விஷயம். அதில் நாங்கள் செய்த தப்பையும் சேர்த்தே சொல்கிறேன்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே இவர் ஒரு பட்டியல் எழுதிவிட்டார். சிம்மாசலம், கைலாசகிரி, நீர்மூழ்கிக் கப்பல், விமானக் காட்சிசாலை, விசாகா மியூசியம், ருஷிகொண்டா கடற்கரை, பூர்ணா மார்க்கெட் என்று ஒன்பது இடம். அரக்குப் பள்ளத்தாக்கையும் சேர்க்கப் பார்த்தார். அது நூறு கிலோமீட்டருக்கும் மேலே, மலைப்பாதை. போய் வருவதற்கே பகல் முடிந்துவிடும் என்று பையன்தான் அடித்துப் போட்டான்.

அத்தை பட்டியலைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "எனக்கு அந்தச் சந்தனச் சாமியைப் பார்த்தாப் போதும் கண்ணு. மத்ததெல்லாம் நீங்க பாத்துக்குங்க."

அதற்கு ஒரு காரணம் உண்டு. என் மாமனாரும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பக்கத்து குவார்ட்டர்ஸில் ஒரு தெலுங்குக் குடும்பம். அவர்கள் ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் சிம்மாசலத்துச் சந்தனம் கொண்டுவந்து கொடுப்பார்களாம். "ரிட்டயர் ஆனதும் ஒரு தரம் போகணும்" என்று மாமனார் சொல்லிக்கொண்டே இருந்தாராம். ரிட்டயரும் ஆனார், குவார்ட்டர்ஸையும் காலி பண்ணினார், அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

சென்னையில் ஏறி, ஒரு பகல் முழுக்கக் கடலைப் பார்த்து, மறுநாள் விடியும்போது விசாகப்பட்டினம் வந்தது. இங்கே என் முதல் யோசனை: கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும்போது தூங்காதீர்கள். மேல்தளத்துக்குப் போய் நில்லுங்கள். ஊரில் பாதியை அங்கிருந்தே பார்த்துவிடலாம். கடலுக்குள் மூக்கை நீட்டினாற்போல ஒரு மலை, அதன் மேல் கலங்கரை விளக்கம். 'டால்ஃபின் மூக்கு' என்றே அதற்குப் பெயர். அந்த மலை காற்றையும் அலையையும் தடுப்பதால்தான் இங்கே துறைமுகம் கட்ட முடிந்ததாம். 1933-ல் திறந்திருக்கிறார்கள். கட்டும்போது இரண்டு பழைய கப்பல்களை வேண்டுமென்றே மூழ்கடித்து, அலைதடுப்புக்கு ஆதாரமாக வைத்தார்கள் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இன்னொரு பக்கம் அடுத்தடுத்து மூன்று குன்றுகள். ஒன்றில் மாதா கோயில், ஒன்றில் தர்கா, ஒன்றில் வேங்கடேசப் பெருமாள். அத்தை மூன்றுக்கும் ஒரே கும்பிடாகப் போட்டார்.

இறங்க எட்டு மணி ஆகும், மாலை ஐந்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்றார்கள். ஒன்பது மணி நேரம் என்று இவர் கணக்குப் போட்டார். அது தப்புக் கணக்கு. இறங்குவதற்கு வரிசை, அடையாள அட்டை பார்ப்பது, வண்டி பிடிப்பது என்று முன்னால் ஒரு மணி போய்விடும். திரும்பும்போதும் ஒரு மணி கையில் இருக்க வேண்டும். கப்பல் நமக்காகக் காத்திருக்காது. முதல் ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு அலாரம் வைக்கிறோமே, பஸ் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தானே வைக்கிறோம்? அப்படித்தான் இதற்கும். கப்பல் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஊர் பார்க்க நிஜமாகக் கிடைத்தது ஏழு மணி நேரம்தான். அதில் சாப்பாட்டுக்கும் கை கால் கழுவுவதற்கும் ஒரு மணி.

வாடகைக் காருக்குப் பகல் முழுவதற்கும் சேர்த்து ஒரு தொகை பேசிக்கொண்டோம். நேரே சிம்மாசலம். துறைமுகத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள்தான். மலை மேல் வரை கார் போகிறது.

இங்கே சுவாமி வராக லட்சுமி நரசிம்மர். வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பு. மூர்த்தியின் நிஜ உருவம் தெரிவது அட்சய திருதியை அன்று ஒரே ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் சந்தன உருண்டையாகத்தான் தரிசனம். நம் குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டு இங்கே இருக்கிறது. கிருஷ்ணதேவராயரும் வந்து கும்பிட்டிருக்கிறார்.

கூட்டம் இருந்தது. தர்ம தரிசன வரிசையிலேயே நின்றோம். பத்தரை மணி இருக்கும். அத்தை திடீரென்று என் கையைப் பிடித்தார். உள்ளங்கை சில்லென்று நனைந்திருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை, உதடு நடுங்குகிறது. "என்னமோ மாதிரி இருக்குடி" என்றவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அத்தைக்குச் சர்க்கரை. காலையில் மாத்திரை போட்டார். ஆனால் சாமி பார்க்கிற பரபரப்பில் அரை இட்லியோடு எழுந்துவிட்டார். நானும் கவனிக்கவில்லை. வீட்டில் இருந்தால் தட்டைப் பார்க்காமல் விடுவேனா? கப்பலில் யாரோ பரிமாறுகிறார்கள், யாரோ தட்டை எடுக்கிறார்கள். நானும் விருந்தாளி போல உட்கார்ந்திருந்துவிட்டேன். குளுக்கோஸ் பாக்கெட்டும் பிஸ்கட்டும் பத்திரமாகக் கேபின் மேசை மேல்! இவர் கைப்பையில் இருந்தது ஒன்பது இடப் பட்டியல்.

எனக்குத் தெலுங்கு தெரியாது. "சுகர், சுகர்" என்று கத்தினேன். முன்னால் குழந்தையோடு நின்ற ஒரு அம்மாள் சட்டென்று பையைப் பிரித்து ஒரு கை கற்கண்டை என் உள்ளங்கையில் கொட்டினார். அத்தைக்கு நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்கக் கொடுத்து, தண்ணீர் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. அந்த அம்மாளே குழந்தைக்கு வைத்திருந்த வாழைப்பழத்தையும் கொடுத்தார். பெயர்கூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திடீர் வியர்வை, நடுக்கம், பசி, குழப்பமான பேச்சு இவை சர்க்கரை இறங்கியதன் அடையாளம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணியில் தெளியாவிட்டால் மறுபடி அதே அளவு. தெளிந்த பிறகு ஏதாவது ஆகாரம். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

"போதும், கப்பலுக்கே திரும்பிடலாங்க" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் ஒன்றும் பேசவில்லை. அத்தைதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வாசல் வரைக்கும் வந்துட்டு அவரு போன மாதிரி நானும் போகணுமா? நான் நல்லாத்தான் இருக்கேன். டேய் தம்பி, வேற வழி இருக்கான்னு பாரு."

இவர் ஓடிப் போய்க் கட்டணத் தரிசனச் சீட்டு வாங்கி வந்தார். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இந்தச் செலவைப் பார்க்காதீர்கள். நடுப்பகலில் நைவேத்தியத்துக்காகத் தரிசனத்தை நிறுத்துவார்கள் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சந்நிதியில் நின்றது ஒரு நிமிஷம்கூட இருக்காது. அத்தை கை கூப்பி, வாய்விட்டே சொன்னார்: "அவரால வர முடியலைப்பா. நான் வந்திருக்கேன்." அவ்வளவுதான். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள், நகர்ந்துவிட்டோம்.

வெளியே வந்து, புளியோதரைப் பிரசாதத்தை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மணி பன்னிரண்டு. இவர் பட்டியலை எடுக்கவே இல்லை. பையனிடம், "உனக்கு ஒண்ணே ஒண்ணுன்னா எதுடா?" என்று கேட்டார். "சப்மரீன்" என்றான்.

அது ராமகிருஷ்ணா கடற்கரையில் இருக்கிறது. ஐ.என்.எஸ். குர்சுரா. ரஷ்யாவில் கட்டி, 1969-ல் நம் கடற்படையில் சேர்ந்து, 1971 யுத்தத்தில் பங்கெடுத்து, 2001-ல் ஓய்வு பெற்றது. மறு வருஷம் மணலில் ஏற்றி நிறுத்திக் காட்சிசாலை ஆக்கிவிட்டார்கள். திங்கட்கிழமை விடுமுறை. நாங்கள் போன அன்று பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் திறந்தார்கள். அதனால் கோயிலைக் காலையிலும் இதைச் சாப்பாட்டுக்குப் பிறகும் வைத்துக்கொள்வது நல்லது. உள்ளே ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்கு வட்டமான துவாரத்தில் காலைத் தூக்கி, தலையைக் குனிந்து நுழைய வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் வேண்டாம். அப்பாவும் பிள்ளையும் போனார்கள்.

அத்தையும் நானும் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். "நீ எதைப் பாக்கணும்னு யாரும் கேக்கலையே?" என்றார் அத்தை. எனக்கே அது தோன்றவில்லை. "நீங்க நல்லா இருக்கீங்களே, அது போதும்" என்றேன். "போதாது. போ, நீயும் போயி அந்தக் கப்பலைப் பாத்துட்டு வா. நான் பழம் சாப்பிட்டுக்கிட்டு இங்கியே இருக்கேன். டிரைவர் தம்பி துணைக்கு இருக்காரு."

போனேன். பையன் குண்டு விடுகிற குழாயைக் காட்டினான். நான் பார்த்தது சமையல் அறையை! எழுபத்தைந்து பேருக்கு ஆக்கிப் போட்ட இடம், நம் குவார்ட்டர்ஸ் சமையலறையில் பாதிகூட இல்லை. கடலுக்கடியில், ஜன்னல் இல்லாமல், எப்படித்தான் சமைத்தார்களோ! இனிமேல் என் அடுப்படி சின்னது என்று சொல்ல மாட்டேன்.

மூன்றரைக்குக் கிளம்பி, வழியில் ஏட்டிகொப்பாகா மரப்பொம்மை இரண்டு வாங்கினோம். மரத்தில் கடைந்து, இயற்கைச் சாயம் கலந்த அரக்குப் பூசுகிறார்கள். ஊருக்குக் கொண்டுபோக எடையில்லாத பொருள். நாலரைக்குக் கப்பலில் இருந்தோம். ஒன்பதில் இரண்டைத்தான் பார்த்தோம். ஒருவருக்கும் குறை இல்லை.

உங்களில் யாராவது போவதாக இருந்தால், இடங்களின் பட்டியலுக்கு முன் ஆட்களின் பட்டியலைப் போடுங்கள். ஆளுக்கு ஒன்று கேளுங்கள், உங்களையும் சேர்த்து. அடையாள அட்டையோடு அதன் நகல் ஒன்று தனியாக இருக்கட்டும். இலங்கைப் பக்கம் என்றால் பாஸ்போர்ட் வேண்டும். கப்பலின் தொடர்பு எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பெரியவர்கள் பையில் போடுங்கள். மாத்திரை போட்டவர் தட்டைக் காலி செய்தாரா என்று பார்த்த பிறகு படி இறங்குங்கள்.

சிம்மாசலத்துச் சந்தனம் எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் மாமனார் படத்துக்குக் கீழே இருக்கிறது. குளுக்கோஸ் பாக்கெட் என் கைப்பையில் இருக்கிறது. காய்கறி வாங்கப் போனாலும் அதை நான் வெளியே எடுத்து வைப்பதில்லை.