ஊடலுவகையும் நான்கு ரத வீதிகளும்

ஆண்டுதோறும் இளங்கலை மாணவர்க்குக் காமத்துப்பாலின் கடைசி மூன்று அதிகாரங்களை நடத்தி வருகிறேன்: புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. தலைவன் தும்ம, வாழ்த்திய தலைவி மறுகணமே, யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழும் இடத்தில் வகுப்பு சிரிக்கும், நானும் சிரிப்பேன். 1330 குறளும் ஊடலின் இன்பத்தில் வந்து முடியும் நயத்தை விரித்துச் சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்கக் கட்டுரை எழுதினேன். அனுப்புமுன் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். சற்றுப் பொறுத்து, "ஆறு வருசமா நான் ஊடிக்கிட்டு இருக்கது மட்டும் ஒங்களுக்குத் தெரியல" என்றாள்.

நாள் உட்பட அவளுக்கு நினைவிருந்தது. ஆடித்தபசு. சங்கரன்கோவிலில் அன்று விருந்தினர் வராத வீடு அரிது. கோமதியம்மன் தபசு மண்டபத்துக்கு எழுந்தருள்வாள். மாலையில் சங்கரநாராயணர் காட்சி கொடுக்கையில் உழவர்கள் பருத்தியும் வற்றலும் நெல்லும் சூறைவிடுவர். அதைக் காண என் கல்லூரி நண்பர்கள் வந்திருந்தனர். அம்மன் ஏன் தவமிருந்தாள் என்று ஒருவர் கேட்க, இவள் சொல்லத் தொடங்கினாள்: கணவனையும் அண்ணனையும் ஓருருவில் காண அவளுக்கே ஆசை.

நான் இடைமறித்தேனாம். சங்கன், பதுமன் என்னும் நாகவேந்தர் இருவரும் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வழக்கிட்டதால் வந்த தவம் அது; தெரியாததைச் சொல்லாதே.

இக்கடைசித் தொடர் என் நினைவிலேயே இல்லை. இவ்வூரில் இரு கதைகளும் வழங்குகின்றன என்பது எனக்குத் தெரியாததுமன்று. அன்றுமுதல் விருந்தினர் முன் அவள் வாய் திறந்ததில்லை. அதை நான் அடக்கம் என்றெண்ணி உள்ளூர மகிழ்ந்தும் இருக்கிறேன். வள்ளுவர் புலவியை உப்புக்கு ஒப்பிட்டார். நானோ நாக்கில்லாதவனாய் உண்டிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். "அது கெடக்கட்டும். இனி நான் பேசயில குறுக்க வராதீங்க" என்றாள்.

அப்போது தொடங்கிய பழக்கம் இது. இரவு உணவுக்குப்பின் ரத வீதிகளை ஒருமுறை சுற்றி வருகிறோம். (ஆடிச்சுற்றுக்காரர்கள் நூற்றெட்டு முறை சுற்றுகிறார்கள், எங்களுக்கு அத்தனை புண்ணியம் வேண்டாம்.) ஒரு வீதி அவள் பேச, முக்கு திரும்பும்வரை நான் மறுமொழி சொல்லலாகாது. அடுத்த வீதி என்னுடையது. முதல் வாரத்தில் பாதி வீதியிலேயே 'ஆனால்' என்று தொடங்கிவிடுவேன். அவள் பேச்சை நிறுத்திவிட்டு நடப்பாள். வந்த குறைகள் பெரும்பாலும் சிறியவை. கேள்வியும் கேட்டு விடையையும் நானே சொல்லிவிடுகிறேன். அவள் தம்பி தொலைபேசியில் அழைத்தால் என் முகம் சுருங்குகிறது.

என் வீதியில் ஒருநாள், ஆறாண்டு இதை உள்ளேயே வைத்திருந்தாயே என்று வருந்தினேன். முக்கு வந்தது; பதில் வரவில்லை. மறுநாள்தான் சொன்னாள்: "சொல்லியிருந்தா அதயும் திருத்தியிருப்பீங்க."

இந்த ஆடியிலும் நண்பர்கள் வந்தனர். அதே கேள்வியை யாரோ கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் அவளைப் பார்த்தேன். இரு கதைகளையும் சொன்னாள். சங்கனைத் திருமாலடியவனாகவும் பதுமனைச் சிவனடியவனாகவும் மாற்றிச் சொல்லிவிட்டாள். நான் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.