தாடிக்கொம்புச் சௌந்தரராஜன்கள்

தாடிக்கொம்பில் பெருமாள் பெயர் சௌந்தரராஜர். ஆகவே சுற்றுவட்டாரப் பத்திரங்களில் தடுக்கி விழுந்தால் ஒரு சௌந்தரராஜன். சவுந்தரராஜன், சௌந்திரராசன், சவுந்தரராசு என்று எழுதினவர் காதுக்குத் தக்கபடி மாறுவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். தெரியாதது ஒன்று உண்டு. ‘சௌ’ தட்டச்சு செய்யும்போது பலர் ‘செ’ அடித்து, பக்கத்தில் ‘ள’ அடித்துவிடுகிறார்கள். திரையில் வித்தியாசமே தெரியாது. தேடினால் பாதிப் பேர் வரமாட்டார்கள். பெயரடைவு தயாரிக்கிற எனக்கு முதல் வேலை இந்தச் ‘சௌ’க்களைச் சீர்படுத்துவதுதான்.

ஆனால் மூலத்தில் எழுதியிருப்பதைத் திருத்த மாட்டேன். எழுத்து, பேனா பிடித்தவர் யாரென்று காட்டிக்கொடுக்கும். 1792-இல் திப்புவிடமிருந்து திண்டுக்கல் கம்பெனி கைக்குப் போன பிறகு, நாயக்கர் ஆங்கிலக் காகிதங்களில் நாயக், நாயிக், நைக் என்றெல்லாம் ஆனார். 1838 முதல் மதுரை மிஷனுக்கு வந்த இயேசு சபையார் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர்கள். உகரத்துக்கு ‘ou’ என்று இரண்டு எழுத்துப் போடுவது அவர்கள் வழக்கம். சவரிமுத்துவை அவர்கள் முறையில் எழுதி, ஆங்கிலக் கண்ணால் படித்தால் ‘சவரிமௌட்டௌ’!

ஓலையில் சிக்கல் வேறு மாதிரி. புள்ளி இருக்காது. எகர ஏகாரத்துக்கு ஒரே கொம்பு. கால் எது, ரகரம் எது என்று இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டிலேயே குறில் நெடிலுக்கு வழி சொல்லிவிட்டார்; ஏடு எழுதியவர்கள் பலர் அவர்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். செவுகனா சேவுகனா என்று அந்த ஓலையையே கேட்டுப் பயனில்லை.

அதனால் பெயரைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் நான்கெல்லை: குடகனாற்றுக்கு எந்தப் பக்கம், யார் நிலத்துக்கு வடக்கு. அப்புறம் தகப்பன் பெயர், சாட்சிகள். ஆள் ஒருவரே என்றால் சாட்சி போட்டவர்களும் பெரும்பாலும் அதே கூட்டமாக இருப்பார்கள். காலம் கணிக்க மாவட்டப் பெயரும் உதவும். 1985-இல் மதுரையிலிருந்து பிரிந்த நம் திண்டுக்கல் மாவட்டம் அண்ணா, காயிதே மில்லத், மன்னர் திருமலை என்று பெயர் மாறி மாறி வந்ததால், தேதி கிழிந்த காகிதத்தில்கூட முகவரி கைகொடுக்கிறது.

ஒலியை வைத்துப் பெயர் சேர்க்கும் கணினி முறைகளையும் பார்த்தேன். அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் 1918-இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் அவற்றுக்கு மூத்தது. அது முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். நமக்குத் தகரம் ஒன்று. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரையே D-யிலும் தொடங்கலாம், T-யிலும் தொடங்கலாம். இரண்டையும் அது வேறுவேறு பெட்டியில் போட்டுவிடும்.

வாரிசுகளுக்கு இந்தப் பொறுமை இருப்பதில்லை. “ரெண்டும் எங்க தாத்தாதாண்ணே, ஒண்ணாப் போட்டுருங்க” என்பார்கள். அப்படி வந்த இரண்டு சௌந்தரராஜன்களுக்குத் தகப்பன் பெயர் ஒன்று, எல்லை வேறு, சாட்சிகளும் வேறு. தனித்தனிப் பதிவாகவே வைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்குக் ‘காண்க’ என்று மட்டும் போட்டிருக்கிறேன்.