மீரத்தில் ஒரு கடைவீதி

டில்லிக்கு வடகிழக்கே சுமார் 70 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது மீரத் நகரம். அதன் பெயரைக் கேட்டதுமே நமக்கு 1857-ஆம் வருஷம் மே மாதம் 10-ஆம் தேதி ஞாபகத்துக்கு வரும். விலங்கிட்டுச் சிறையில் அடைத்திருந்த 85 சிப்பாய்களை அவர்களுடைய தோழர்கள் அன்றுதான் விடுவித்தார்கள். பிறகு டில்லியை நோக்கிப் புறப்பட்டார்கள். அந்த வீர பூமியைத் தரிசிக்கச் செல்கிறவர்கள், அதே ஊரிலுள்ள ஸோதிகஞ்ச் என்னும் கடைவீதியைப் பற்றியும் தெரிந்துகொள்வது நல்லது.

பழைய வண்டிகளை வாங்கிப் பிரித்து, உதிரி பாகங்களை விற்பது ஸோதிகஞ்சின் தொழில். அது யோக்கியமான தொழிலே. ஆனால் டில்லியிலும் சுற்றுப்புற நகரங்களிலும் களவு போன ஸ்கூட்டர்களும், மோட்டார் சைக்கிள்களும், கார்களுங்கூட அங்கே வந்து சேர்ந்தன. வந்தவை வண்டியாகத் திரும்பவில்லை.

இதன் சூட்சுமம் எளியது. முழு வண்டிக்கு அடையாளம் உண்டு: பதிவு எண், எஞ்சின் எண், சட்டத்தில் பொறித்த எண். பிரித்துப் போட்ட பிறகு சக்கரத்துக்கு எண் ஏது? ஆசனத்துக்கும் விளக்குக்கும் ஏது? எண் பொறித்த இடத்தை ராவிவிட்டால் போலீஸார் எதைக் கொண்டு கண்டுபிடிப்பார்கள்?

2021 டிசம்பரில் போலீஸார் அந்தக் கடைவீதியை அடைக்கச் செய்தனர். அதே மாதம் 18-ஆம் தேதி ஷாஜஹான்பூரில் பேசிய பிரதம மந்திரி நரேந்திர மோடியும் ஸோதிகஞ்சைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். களவுப் பொருளைத் தொடாதவர்களும் அங்கே கடை வைத்திருந்தார்கள். அவர்களுடைய பிழைப்பும் சேர்ந்தே நின்றது.

சர்க்கார் வேறு ஏற்பாடுகளும் செய்திருக்கிறது. 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கெல்லாம் அசோக சக்கர முத்திரையுடன், எளிதில் கழற்ற முடியாத எண் தகடு கட்டாயம். தகட்டைக் காக்கலாம், தகடு இல்லாத பாகங்களை யார் காப்பது?

வாங்குகிறவர்தான் காக்க வேண்டும். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ரசீது இல்லாமல் வாங்கும்போது, அதன் மறுபாதியை வேறொரு குடும்பம் கொடுத்திருக்கக்கூடும் என்று நாம் நினைப்பதில்லை. ஸ்கூட்டரில் பால் கொண்டுபோய்ப் போடுகிறவருக்கு அந்த வண்டிதான் ஜீவனம். அது களவு போனாலும் மாதத் தவணை நிற்பதில்லை. களவுப் பொருளென்று அறிந்து வாங்குவோருக்கு மூன்று வருஷம் வரை சிறைவாசம் உண்டு என்று சட்டமும் சொல்கிறது.

சுயராஜ்யம் பெற்ற தேசத்தில் எல்லாவற்றையும் போலீஸாரிடம் விட்டுவிடுவது அழகல்ல. அடுத்த முறை பழைய சாமான் வாங்கப் போகும்போது, "ரசீது எங்கே?" என்று கேட்போம். இல்லையென்றால் வெறுங்கையுடன் வீடு திரும்புவோம்.