தோல் கொடுத்தவர்கள்

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் சாலையில் உள்ள எங்கள் குமராட்சி வட்டாரத்தில் நந்தன் கதையை அறியாதவர் இலர். ஆயினும் திருப்புன்கூரில் விலகிய நந்தியும் தில்லையில் மூட்டிய தீயும் நம்மவர் ஞாபகத்தில் நிலைத்த அளவுக்கு, கொள்ளிடக்கரை ஆதனூரில் புலையர் குலத்தில் பிறந்த அந்த மகான் செய்து வந்த தொழில் நிலைக்கவில்லை. சிவாலயங்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அவர் கொடுத்து வந்தார் என்று சேக்கிழார் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லியிருக்கிறார். ஆலயத்தில் நாதம் எழக் காரணமான கைகளுக்கு ஆலயப் பிரவேசம் இருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரைப் படைத்துச் சேர்த்து, நந்தன் சரித்திரத்தைக் கீர்த்தனைகளாக்கிய பிறகு, அது கதாகாலட்சேப மேடைகளிலெல்லாம் கண்ணீரோடு கேட்கப்பட்டது. 1935-இல் வந்த படத்தில் கே. பி. சுந்தராம்பாள் ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பெற்று நந்தனாராகவே தோன்றினார். வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். 1942-இல் ஜெமினி எடுத்த படத்தில் நந்தனாரானவர் எம். எம். தண்டபாணி தேசிகர், பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து இசைத்துறைக்குத் தலைவராகித் தில்லைக்கே வந்து சேர்ந்தவரும் அவரே. இவர்களுடைய சாரீர மகிமையை நான் குறைத்துச் சொல்லத் துணியேன். ஆனால் திரைக்கு வந்தது நந்தன் கதையே. நந்தன் குலத்தார் வர இன்னும் பல காலம் பிடித்தது. அமெரிக்காவில் 1927-இல் வெளிவந்த 'ஜாஸ் சிங்கர்' என்ற படத்தில் ஆல் ஜோல்சன் என்ற வெள்ளைப் பாடகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு பாடினார். அங்கே இருந்தது பரிகாசம், இங்கே இருந்தது பக்தி. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமன்று. எனினும், ஒருவனுடைய துயரத்தைப் பாட அவனைத் தவிர மற்றெல்லோரும் தகுதியுடையவர் என்ற எண்ணம் இரு தேசத்துக்கும் பொதுவாகவே இருந்திருக்கிறது.

தப்பித் தவறி வந்தவர்களுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். மலையாளத்தின் முதற்படமாகிய 'விகதகுமார'னில், நம் அகஸ்தீஸ்வரத்து ஜே. சி. டேனியல், புலையர் குலத்துப் பெண்ணான பி. கே. ரோஸியை நாயர் மங்கையாக நடிக்கவைத்தார். திருவனந்தபுரத்தில் படம் திரையிடப்பட்டபோது கல்லெறிந்த கூட்டம் அத்துடன் அடங்காமல் அப்பெண்ணை ஊரைவிட்டே ஓடச் செய்தது. அவள் தமிழ்நாட்டுக்கு வந்து, நடிகை என்ற அடையாளமே இல்லாமல் எஞ்சிய காலத்தைக் கழித்தாள். 1940-இல் ஆஸ்கார் பரிசு பெற்ற முதல் கறுப்பரான ஹாட்டி மக்டேனியல், பரிசளித்த விருந்து மண்டபத்திலேயே சுவரோரமாகத் தனி மேஜையில் உட்காரவைக்கப்பட்டார். ஹாட்டிக்கு ஓரத்து மேஜையாவது கிடைத்தது. ரோஸியின் முகத்தைக் காட்டும் படச்சுருள்கூட நமக்கு மிஞ்சவில்லை.

இத்தகைய குலங்களிலிருந்து வந்தவர்களுக்கு இசையில் பின்னாளில் வழி பிறந்தது. பண்ணைப்புரத்திலிருந்து வந்து 1976-இல் 'அன்னக்கிளி'யால் தமிழ்நாட்டின் செவியையே மாற்றியமைத்த இளையராஜா, 2025 மார்ச் மாதம் லண்டனில் தமது சிம்பொனியை அரங்கேற்றினார். பிறப்பைக் கொண்டு தம்மை அடையாளம் காட்டுவதை அவர் விரும்பியதில்லை. அது அவருடைய உரிமை. அவருக்குப் பின், பறையையும் கானாவையும் கூச்சமின்றி நடுமேடைக்குக் கொணர்ந்த 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியால் 2018-இல் சென்னையில் பாடிற்று. இவற்றையெல்லாம் எண்ணிக் கதவு திறந்துவிட்டது என்று மகிழ்பவர்களுக்கு நான் ஒன்றை நினைவூட்டுவேன். கறுப்பினப் பாடகியான மரியன் ஆண்டர்சனுக்கு 1939-இல் வாஷிங்டனில் ஓர் அரங்கம் மறுக்கப்பட, அவர் லிங்கன் நினைவகத்துப் படிகளில் நின்று எழுபத்தையாயிரம் பேருக்குப் பாடினார். எண்பத்தோராண்டுகள் கழித்து, 2020-இல், மிருதங்கம் செய்யும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி கர்நாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா எழுதிய நூலைத் தன் அரங்கில் வெளியிடக் கொடுத்த அனுமதியைச் சென்னைக் கலாக்ஷேத்திரம் திரும்பப் பெற்றது. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரின் விரல் வித்தையைப் புகழ்ந்து ஓயாத ரசிகர்களில், அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்தின் பெயரைக் கேட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அரசாங்கம் செய்துவிட்ட இக்காரியத்தை ஊர் செய்யாமல் இருக்கலாமா? நம் பக்கத்துத் திருவிழா நோட்டீசுகளில் நாதஸ்வர வித்வானுக்கும் தவில் வித்வானுக்கும் ஊரும் பட்டமும் சேர்த்து அச்சடிக்கிறோம். பறைக்கு வரும்போது 'பறைமேளம்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம். விழாக் கமிட்டிப் பெரியவர்களே, வருகிற சித்திரையில் அடிப்பவர்களின் பெயர்களையும் கேட்டு வாங்கி அச்சடியுங்கள். மேடையில் மற்ற வித்வான்களோடு அவர்களுக்கும் நாற்காலி போடுங்கள்.