வாவிக் கரையில் வீடு கட்டுமுன்

மட்டக்களப்பு, நீர் வகுத்த நகரம். சுமார் 56 கிலோமீட்டர் நீளமான வாவி பாலமீன்மடுவின் அருகே, முகத்துவாரத்தில் கடலைச் சேருகின்றது. நகரின் பழைய நடுவிடமாகிய புளியந்தீவு அவ்வாவியினுள்ளேயே கிடக்கின்றது. மேற்கே வயல் நிறைந்த படுவான்கரை. கிழக்கே கடலை அடுத்த எழுவான்கரை. மீன் பாடும் எனக் கேள்வியுற்று வரும் பயணிகள் பலர் கல்லடிப் பாலத்தோடு திரும்பிவிடுகின்றனர். நாமோ, மனிதர் எங்கே வீடு கட்டி வாழலாம் என்ற வினாவுக்கு இந்நகர் கண்ட விடையைக் காண விரும்பி, மேலும் நடந்தோம்.

ஆங்கிலேயர் காலத்துப் பழைய பாலமும், 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் கல்லடியில் அருகருகே நிற்கின்றன. அவற்றைக் கடந்து வடக்கே திரும்பினால் நாவலடி. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி; இடையே ஒடுங்கிய மணற்றிட்டு. 2004 டிசம்பர் 26ஆந் தேதி காலையில் கடல் இத்திட்டைக் குறுக்கே கடந்து வாவியில் விழுந்தது. நாவலடி, திருச்செந்தூர், டச்பார் ஆகிய ஊர்களில் உயிரோடு எஞ்சியவர்கள் வீடிழந்து நின்றனர்.

மறு ஆண்டு அரசாங்கம், கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என அறிவித்தது. திட்டின் அகலமே சிறிது. அதில் 200 மீற்றரைக் கழித்தால் மிஞ்சுவது யாது? அத்தடை அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே தளர்த்தப்பட்டதாயினும், அதற்குள் நகரின் வடபால் திராய்மடுவில் புதிய குடியிருப்புக்கு இடம் குறிக்கப்பட்டுவிட்டது.

அவ்வூரின் பெயரைச் சற்று உற்றுநோக்குவோம். மடு என்றால் நீர் தங்கும் பள்ளம். திராயோ ஈர நிலத்தில் படரும் கீரை. நிலத்தின் இயல்பை முன்னோர் பெயரிலேயே எழுதி வைத்துள்ளனர். அங்கே உதவி நிறுவனங்கள் கல்வீடுகள் கட்டிக் கொடுத்தன. கூரையும் சுவரும் உறுதியானவையே. ஆனால் வாடைக்காற்றோடு மாரி மழை வரும்போது வளவுகளில் நீர் தேங்குகின்றது. நிலத்தடி நீர் மேலேறும் இத்தகைய மண்ணில் மலக்குழியும் கிணறும் அடுத்தடுத்து இருப்பின் வரும் கேட்டைச் சொல்லவேண்டுவதில்லை. தோணியும் வலையும் கடற்கரையில். குடும்பமோ நகருக்கு அப்பால். அலைக்கு அஞ்சி அகன்றவர்களிற் பலர் பிழைப்புக்காக அதே கரைக்கு நாள்தோறும் மீண்டு செல்லலாயினர்.

இதில் நாம் எவரையும் குறைகூற முற்படவில்லை. கூடாரங்களில் வாடிய மக்களுக்கு விரைந்து கூரை வேண்டியிருந்தது. எனினும் ஒன்றை மறத்தலாகாது. 1994க்குப் பின் 2008 மார்ச் வரை மட்டக்களப்பில் உள்ளூராட்சித் தேர்தலே நடைபெறவில்லை. திராய்மடுவின் வரைபடம் விரிக்கப்பட்ட வேளையில், "இந்த இடம் மாரியில் நிரம்புமே!" என்று எழுந்து சொல்ல, மக்கள் தெரிந்தனுப்பிய வட்டார அங்கத்தவர் ஒருவரேனும் சபையில் இருக்கவில்லை. 2023இல் கலைந்த சபையும் 2025 மே மாதத் தேர்தலின் பின்னரே மறுபடி கூடியது.

வீடமைப்புத் திட்டமொன்று மாநகர சபையின் மேசைக்கு வருவது வெறுஞ் சடங்கன்று. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும், 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் காணிப் பிரிப்பையும் கட்டடத்தையும் அனுமதிக்கு உட்படுத்தியிருப்பது காரணத்தோடுதான். ஒருவர் தம் காணியை மண்ணிட்டு உயர்த்தினால் அவர் வளவு உலரும். ஆனால் அந்நீர் அயலவர் வாசலுக்குச் செல்லும். வாய்க்கால் வாவிக்குச் செல்லவேண்டும். முகத்துவாரம் மணலால் அடைபட்டிருந்தாலோ வாவியே நிரம்பி நிற்கும். முகத்துவாரத்தை வெட்டிவிடுவதும் எளிதான காரியமன்று. நெல் அழுகுமே என உழவர் வெட்டச் சொல்வர். இறால் கடலோடு போகுமே என மீனவர் பொறுக்கச் சொல்வர். இவ்வளவையும் ஒருங்கு வைத்து நோக்குவதே சபையின் கடமை.

இப்போது இக்கடமை பெருகியுள்ளது. ஒல்லாந்தர் கோட்டையினுள் நெடுங்காலம் இயங்கிய கச்சேரிக்குத் திராய்மடுவிலேயே புதிய மாளிகை எழுந்து, 2024இல் திறக்கப்பட்டது. அலுவலகம் சென்ற இடத்துக்குக் கடையும் வீடும் பின்தொடரும். காணி விலையும் ஏறும். ஆகவே இனி வரும் ஒவ்வொரு வரைபடத்தையும் கோடைக்காலத்துக் காய்ந்த தரையில் நின்று பார்த்தல் போதாது. சபையினர் ஒருமுறை மார்கழி மழையில் முழங்காலளவு நீரில் அவ்விடத்தே நின்று பார்க்கட்டும்; அங்கே வாழும் தாய்மாரிடம், "தண்ணீர் எந்தப் பக்கத்தால் வருகிறது, எத்தனை நாள் நிற்கிறது?" என்று கேட்கட்டும். வெள்ளம் வருமுன் அணை கோலுதல் என்பது இதுவேயாகும்.