எலிவேஷன் போட்ட இன்ஜினீயர்!

வீட்டில் ஒரு பிள்ளை சிவில் இன்ஜினீயரிங் சேர்ந்துட்டா என்ன ஆகும் தெரியுமா? கையில் ரெண்டு அரியர் இருந்தாலும் சொந்தக்காரங்க எல்லாருக்கும் அவன்தான் இன்ஜினீயர். ‘எங்க வீட்டுச் சுவத்துல ஒரு விரிசல், வந்து பாருப்பா’ என்று கல்யாண வீட்டுப் பந்தியிலேயே கேட்பாங்க. நானும் அப்படித்தான் செகண்ட் இயரிலேயே இன்ஜினீயர் ஆனேன். கை வைத்தது சொந்த வீட்டில்!

திருமங்கலம் பக்கம் எங்க ஊர். அப்பா டிராக்டர் மெக்கானிக். பழைய ஓட்டு வீட்டை இடிச்சிட்டு, இருபது வருஷச் சேமிப்பும் பேங்க் லோனும் போட்டு அதே மனையில் 800 சதுர அடியில் ஒரு தளம் மட்டும் கட்டினார். “மாடியை உன் சம்பளத்துல எடுத்துக்க” என்று அப்பவே சொல்லிட்டார். கம்பி, கான்கிரீட் எல்லாம் கொத்தனார் பொறுப்பு. என் பொறுப்பு வீட்டோட முகப்பு. “எலிவேஷனை நீயே போடு தம்பி. காலேஜ்ல அதானே படிக்கிறே?”

ஒரு தளம்தானே, முகப்பு யோசிக்கறது ஈஸின்னு நினைச்சுடாதீங்க. பத்துப் பதினோரு அடிச் சுவர், மேலே மூணடிக் கைப்பிடிச் சுவர். அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கிற இடம். அதனால எல்லாருக்கும் ஒரே வெறி, எப்படியாவது வீட்டை உயரமாக் காட்டணும். நான் மட்டும் விதிவிலக்கா? கைப்பிடிச் சுவருக்கு மேலே இன்னும் அஞ்சடிக்கு ஒரு கான்கிரீட் சட்டம் போட்டேன். அது எதையும் தாங்காது, சும்மா நிக்கும். ஹாலுக்கு ஆறடி அகலத்தில் கண்ணாடி. தூணுக்குக் கறுப்பு டைல்ஸ். சுவருக்கு ஆரஞ்சு, சாம்பல், வெள்ளைன்னு மூணு கலர். போன்ல சேர்த்து வெச்சிருந்த படம் ஒவ்வொண்ணுல இருந்தும் ஒண்ணு உருவினேன். (ஹோட்டல் மினி டிபன் மாதிரி!)

பழைய வீட்டில் இருந்த ரெண்டு விஷயம் என் டிராயிங்கில் இல்லை. ஒண்ணு திண்ணை. “அதெல்லாம் ஓல்டு மாடல்ப்பா” என்றேன். அப்பா திரும்பி அப்பத்தாவைப் பார்த்தார். அப்பத்தா ஒண்ணும் சொல்லலை. இன்னொண்ணு வாசல் வேப்பமரம். எலிவேஷனை மறைக்குதுன்னு வெட்டச் சொன்னது நான்தான்.

தை மாசம் பால் காய்ச்சினோம். “தியேட்டர் மாதிரி இருக்குடா மாப்ளே” என்றார் ஒரு மாமா. பாராட்டுன்னுதான் எடுத்துக்கிட்டேன்.

சித்திரை வந்தது. எங்க வீடு மேற்குப் பார்த்த வீடு. மதியம் மூணு மணிக்கு மேல ஹாலில் உட்கார முடியலை. இங்கதான் விஷயம் இருக்கு, கவனிங்க. உச்சி வெயிலை ரெண்டடி சன்ஷேடு தடுத்துடும். சாயங்கால வெயில் படுத்துக்கிட்டு வரும். அதுக்கு சன்ஷேடு ஒரு பொருட்டே இல்லை. மரம் வேணும், இல்லேன்னா தலைக்குக் கிட்ட வரைக்கும் தாழ்ந்து வர்ற கூரை வேணும். ரெண்டுமே எங்க வீட்டில் இருந்தது. ரெண்டையும் இடிச்சிட்டு, அந்த இடத்தில் ஆறடிக் கண்ணாடி மாட்டியிருக்கேன்! வெயில் திசையைப் பத்தி எக்ஸாம்ல பத்து மார்க்குக்கு எழுதினவன் நான் என்பதுதான் கொடுமை. கடைசியில் அந்தக் கண்ணாடிக்கு ஸ்கிரீன் போட்டு மூடியாச்சு. பட்டப்பகலில் ஹாலில் டியூப்லைட்.

ஐப்பசி மழையில் இன்னொரு கூத்து. சன்ஷேடோட அடி விளிம்பில் ஒரு சின்னப் பள்ளக்கோடு இழுத்து விடணும். அப்பதான் தண்ணி சுவர்ப் பக்கம் ஓடாம அங்கேயே சொட்டும். பளிச்சுனு இருக்கணும்னு அதை வேண்டாம்னுட்டேன். என் ஆரஞ்சு கலர் மேல கறுப்புக் கறுப்பாக் கோடு விழுந்தது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அந்தத் திண்ணையில்தான் அப்பத்தா வெத்தலை இடிப்பாங்க, கீரைக்கார அக்காவோட மல்லுக்கட்டுவாங்க, பஸ்ஸுக்குப் போறவங்களை நிறுத்தி ஊர்க்கதை கேட்பாங்க. புது வீட்டில் டி.வி. முன்னால பிளாஸ்டிக் சேர். தேடி வந்தவங்க கிரில் கேட்டோட நின்னு விசாரிச்சிட்டுப் போயிட்டாங்க. பளபள டைல்ஸ் மேல கால் வைக்கக் கூச்சம். அப்புறம் அந்த விசாரிப்பும் குறைஞ்சது. ஒருநாள் ஹாஸ்டலுக்கு போன் வந்தது. “ஏன்யா, மழை வருதான்னு பாக்கக்கூட எந்திரிச்சுப் போயி கதவத் தொறக்க வேண்டியிருக்கே?” கோபமாச் சொல்லியிருந்தா சமாளிச்சிருப்பேன். சாதாரணமாத்தான் கேட்டாங்க.

அந்த வருஷம் ஐ.வி.க்குத் திருவனந்தபுரம் போனோம். தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இண்டியன் காபி ஹவுஸ். சங்கு மாதிரி சுத்திச் சுத்தி மேலே போற செங்கல் கட்டடம். கட்டியவர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தில் பிறந்து, இந்தியக் குடிமகனாகி, 2007-ல் அதே திருவனந்தபுரத்தில் மறைந்தவர். உள்ளே பெரிய ஜன்னலே கிடையாது. செங்கல்லுக்கு நடுவில் இடைவெளி விட்டு விட்டு அடுக்கியிருக்கார், சுவரே ஜன்னல். நல்ல மதிய நேரம். காத்து வருது, வெளிச்சம் வருது, கண்ணு கூசலை. பசங்க கட்லெட்டில் பிஸி. எனக்கு மட்டும் எங்க வீட்டு ஸ்கிரீன் ஞாபகம்.

லீவில் அப்பாகிட்ட பேச பயம். “இதுக்கு மேல எங்கிட்ட காசு இல்லடா” என்றார், நான் வாயைத் திறக்கும் முன்னாடியே! பைக் வாங்க டியூஷன் எடுத்துச் சேர்த்திருந்த 22,000 ரூபாயை எடுத்து வெச்சேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, கொத்தனாருக்கு அவரே போன் போட்டார்.

கண்ணாடிக்கு ரெண்டடி முன்னால் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி ஒரு சுவர். பூச்சு கிடையாது, பெயின்ட் கிடையாது. வாசலுக்கு அந்தப் பக்கம் எட்டடி நீளத்துக்குத் திண்ணை. ஒன்றரை அடி உயரம், ரெண்டரை அடி அகலம். உள்ளே ரப்பிஷ் போட்டு நிரப்பி, மேலே ரெட் ஆக்சைடு தேய்ச்சோம். பழைய வீட்டு சீமை ஓடு கொல்லையில் அடுக்கியபடியே கிடந்தது. இரும்பு பைப்பில் சட்டம் அடிச்சு, அந்த ஓட்டையே சரிவா, முடிஞ்ச வரைக்கும் தாழ்வா இறக்கினோம். சுவரைப் பூராவும் வெள்ளையாக்கிட்டேன். ரோட்டில் நின்னு பார்த்தா வீடு இப்ப குட்டையாத்தான் தெரியுது. நல்லாவும் இருக்கு!

உங்க வீட்டிலும் எலிவேஷன் போடச் சொன்னா, படம் தேடறதுக்கு முன்னாடி ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்குக் காலி மனையில் போய் நில்லுங்க. அங்க யார் உட்காரப் போறாங்கன்னும் கேட்டுக்கங்க.

மேலே இருக்கிற கான்கிரீட் சட்டத்தை இடிக்கக் காசில்லை. காக்கா உட்காருது. அஞ்சு மணிக்கு மேல திண்ணையில் இப்பவும் வெயில் அடிக்கத்தான் செய்யுது. மரம் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வேப்பங்கன்னு வெச்சிருக்கேன், இடுப்பு உயரம் வந்திருக்கு. தண்ணி ஊத்தறது அப்பத்தா. போன வாரம் ஊருக்குப் போயிருந்தப்ப, “இது எப்பய்யா நெழல் குடுக்கும்?” என்று கேட்டாங்க.

ஏழெட்டு வருஷம் ஆகும்னு எனக்குத் தெரியும். “சீக்கிரம் வந்துரும் அப்பத்தா”ன்னுட்டு, இன்னொரு குடம் தண்ணி எடுக்கப் போயிட்டேன்.